பியானோ புத்தகத்தில் காணாமல் போன புள்ளிகள்

பியானோ தேர்வு முடிவை டீச்சர் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். விருதுநகரில் ஏறிய சிவகாசி பஸ் ஆமத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைப் பெரிதாக்கிப் படித்தேன். தேறவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கீழே தேர்வாளர் தன் கையால் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார். மாணவர் தாளில் இருக்கும் குறிகளைக் கவனித்துப் பார்ப்பதில்லை என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டே ஏதோ சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில், டிசைனிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என் வேலையே பார்ப்பதுதான். ஸ்கேன் செய்து வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, அதில் இருக்கும் தூசியை ஒவ்வொன்றாக எடுப்பேன். ராக்கெட் பெட்டி லேபிளில் ஒரு கறுப்புப் புள்ளி கூடுதலாக இருந்தால் பட்டாசுக் கம்பெனிக்காரர் முகம் சுளிப்பார். காலண்டரில் அம்மன் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்தால் லோடு முழுவதும் திரும்பி வரும். ஒரு முறை வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சாமி படமாக இருந்தாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். வெளியூர் ஆர்டர்காரர்கள் வந்தால் என்னைக் காட்டி, "இந்தம்மா கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி போகாதுங்க" என்பார். என் அப்பா மல்லாங்கிணறு பக்கம் காட்டு வேலைக்குப் போனவர். அம்மா எம். புதுப்பட்டியில் பட்டாசு பாக்கெட் போட்டாள். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலியில் என்னை இத்தனை வருடம் உட்கார வைத்திருந்தது இந்தக் கண்ணுக்கு இருந்த பேர்தான். என்னைப் போய்க் கவனித்துப் பார்ப்பதில்லை என்று எழுதுகிறார் அந்த மனிதர்.

பியானோவுக்கு நான் வந்த கதையும் கோபத்தில் வந்த கதைதான். மகளுக்கென்று ஒரு கீபோர்டு வாங்கினோம். அவள் எட்டு மாதம் வாசித்துவிட்டு, போரடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அது வீட்டில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டை உருவி எறிந்துவிட்டு நானே உட்கார்ந்தேன். சூலக்கரையில் ஆபீஸ் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இரண்டு வருடம் தொடர்ந்து கற்றுக்கொண்டேன். டீச்சருக்கு இருபத்தாறு வயது. விருதுநகரில் அவர் வீட்டு முன்னறையில் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் நானும் பெஞ்சில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருப்பேன்.

தேர்வுக்கு வைத்திருந்தது இரண்டே பக்கத்தில் முடியும் ஓர் இசைத் துண்டு. இருநூறு வருடத்துக்கு முன்னால் இருந்த ஒரு ஜெர்மன்காரர் நடனத்துக்காக எழுதியது. அந்த இரண்டு பக்கத்தையும் ஐந்து மாதம் வாசித்தேன். காலையில் சோறு வடித்துவிட்டுப் பத்து நிமிடம், சாயங்காலம் பஸ் இறங்கி வந்து அரை மணி. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மதுரையில் தேர்வு அறையில் ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. வெளியே வந்து டீச்சருக்குப் போன் செய்து, "கலக்கிட்டேன் டீச்சர்" என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முடிவு வந்த அன்றைக்கு வேலை விட்டதும் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன டீச்சர் எழுதியிருக்காரு அந்த ஆளு? எந்தக் குறிய நான் பாக்கல?"

"ஸ்டக்காட்டோவ எல்லாம் விட்டுட்டீகன்னு சொல்றாரு போலக்கா."

"எங்கன இருக்கு ஸ்டக்காட்டோ? காட்டுங்க."

புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். சுரத்தின் தலைக்கு மேலேயோ கீழேயோ ஒரு சின்னப் புள்ளி இருந்தால், தொட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும். சுரம் தெறித்தாற்போல் கேட்கும். அதுதான் ஸ்டக்காட்டோ. டீச்சர் முதல் பக்கம் பார்த்தார். இரண்டாம் பக்கம் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். ஒரு புள்ளி இல்லை. அவர் முகம் மாறியது. உள்ளே போய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிளறி, சென்னையில் படித்தபோது வாங்கிய தடிப் புத்தகத்தை எடுத்து வந்தார். வெளிநாட்டில் அச்சடித்தது. அதில் அதே துண்டு இருந்தது. வலது கை வரியிலும் இடது கை வரியிலும் புள்ளி புள்ளியாக இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. டீச்சர் மேல்தான் கோபம் வந்தது. "இத்தன மாசமும் இது உங்க பெட்டியிலதான் இருந்துச்சா?" என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று கேட்கும்போதே தெரிந்தது. பிள்ளைகள் எல்லாரும் இந்த மலிவுப் புத்தகம்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் தானும் அதைப் பார்த்தே சொல்லிக் கொடுத்ததாக அவர் மெதுவாகச் சொன்னார். அந்தத் துண்டை அவர் இதற்கு முன் வாசித்ததும் இல்லை. புத்தகத்தில் இருப்பதை நம்பினார், நானும் நம்பினேன். ஆனால் ஒரு எச்சரிக்கை எங்களுக்கு வந்திருந்தது. இரண்டு நெட்டுக்கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம்; ஒன்பதாவது கட்டத்தில் மூன்று எண்ணிக்கை வர வேண்டும், எங்கள் புத்தகத்தில் இரண்டரைதான் வந்தது. அப்போதே நான் கேட்டேன். அச்சுப்பிழையாக இருக்கும், ஒரு சுரத்தை நீட்டி வாசித்துவிடுங்கள் என்றார். தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய புள்ளி, சுரத்தைப் பாதி அளவு நீட்டச் சொல்லும் புள்ளி, அங்கே விழுந்துபோயிருந்தது. ஒரு புள்ளி விழுந்த இடத்தில் மற்றவையும் விழுந்திருக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்தத் தடிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். டீச்சர் இன்னொன்றைப் போனில் அனுப்பினார். நூறு வருடத்துக்கு மேலான பழைய பதிப்பு, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மூன்றையும் வரிசையாக விரித்தேன். வீட்டுக்காரரிடம் மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தடிப் புத்தகத்தில் இருந்து என் புத்தகத்தில் இல்லாததற்குச் சிவப்புப் பேனா. பழைய பதிப்பில் மட்டும் இருப்பதற்கு நீலம்.

முதலில் பழைய பதிப்புக்காரர் மேல் எரிச்சல் வந்தது. யாரோ ஒரு வாத்தியார், அந்தக் காலத்தில் பெரிய ஆளாம். பாட்டை எழுதியவர் ஒன்றும் சொல்லாத இடத்தில் எல்லாம் இவர் சத்தத்தைக் கூட்டு, குறை என்று எழுதி வைத்திருக்கிறார். தடிப் புத்தகத்தில் இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசிக்கச் சொல்லி ஒரு வளைகோடு, அடுத்த இரண்டுக்கு ஒரு வளைகோடு. இவர் நாலையும் சேர்த்து ஒரே வளைவாக இழுத்துவிட்டார். இரண்டு இரண்டாக வாசித்தால் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுவது கேட்கிறது. நாலாக வாசித்தால் ஆட்டம் போய், ஆடாமல் நடந்து போவது மாதிரி இருக்கிறது. எந்த விரல் என்று அவர் போட்டிருக்கும் எண்களும் அவருடைய கைக்குத்தான் பொருந்தும். என் நாலாவது விரல் அவர் சொல்லும் இடத்துக்கு எட்டவே இல்லை. "ஒம்மகிட்ட யாருய்யா கேட்டா?" என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தடிப் புத்தகம் வேறு சாதி. தாள் கனம், ஓரம் தாராளம், பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் இடது கைக்கு வேலை இல்லாதபடி பார்த்து வைத்திருந்தார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவளுக்கு அது புரியும், அதைச் செய்தவனைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். கடைசியில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. டீச்சரிடம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்தேன். எழுதியவரின் கைப்பிரதி கிடைக்கவில்லையாம். முதல் அச்சுப் பிரதிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையாம். பதினான்காவது கட்டத்தில் இருப்பது புள்ளியா, நகக்குறி போன்ற சின்னக் கோடா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். அதற்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் படித்த மனிதர்கள் ஒற்றைப் புள்ளிக்காக அரைப் பக்கம் சண்டை போட்டிருக்கிறார்கள். இங்கே எவனோ ஒருவன் மொத்தத்தையும் துடைத்து எறிந்திருக்கிறான். சிவப்புப் பேனாவால் போட்டதை எண்ணினேன், முப்பத்தேழு. திரும்ப வாசி என்று சொல்லும் இரட்டைப் புள்ளிகூட முதல் பாதி முடியும் கோட்டுக்குப் பக்கத்தில் இல்லை. அதனால் தேர்வில் முதல் பாதியைத் திரும்ப வாசிக்காமலே போயிருக்கிறேன். தேர்வாளர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்!

மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். காலை டீ நேரத்தில் அதை மேஜையில் விரித்துப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினேன். கடைசி அட்டையில் சிவகாசியில் அச்சிடப்பட்டது என்று மட்டும்தான் இருந்தது. சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? எந்த அச்சகமாக இருக்கும் என்று ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள். "எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, கண்ணில்லாதவன வேலைக்கு வச்சிருக்கான். பூட்டுப் போட்டுட்டுப் போகச் சொல்லணும்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எங்கள் பிளேட் செக்‌ஷன் அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஐம்பத்தைந்து வயது, எனக்கு முன்பே சேர்ந்தவர். மெஷினுக்குப் போகும் அச்சுத் தகட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து அனுப்புகிறவர் அவர்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"தாயி, இது நம்ம பூவுல்ல?" என்றார்.

பக்க எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பூ இருந்தது. புஸ்வாணப் பெட்டிக்காக நான் வரைந்த பூ. எங்கள் அச்சகத்தில் எந்தப் புத்தகம் வந்தாலும் பக்க எண்ணுக்கு அதைப் போடுவது என் பழக்கம். இரண்டு வருடமாக அந்தப் புத்தகத்தைத் தினமும் திறந்திருக்கிறேன், பக்கத்தின் அடியை ஒரு நாளும் பார்க்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் பழைய வேலைகளைச் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்க்கைப் போட்டுத் தேடினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய காலண்டர் சீசனில் கிடைத்தது. ஸ்கேன் செய்தபடியே ஒரு பைல், சுத்தம் செய்த பிறகு ஒரு பைல். யார் செய்தது என்று தெரிய, பைல் பேரின் கடைசியில் அவரவர் முதலெழுத்தைப் போடுவது எங்கள் வழக்கம். அதில் என் எழுத்து இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். ஸ்கேனில் எல்லாப் புள்ளியும் இருந்தது, முப்பத்தேழும் பத்திரமாக இருந்தது. அதைச் சுற்றி நிஜமான தூசியும் இருந்தது. பழைய புத்தகம், ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. நான் தூசியையும் எடுத்திருக்கிறேன், புள்ளியையும் எடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு இது பாட்டு என்பதே தெரியாது. ஐந்து கோட்டில் ஏதோ கறுப்பு உருண்டைகள். உருண்டைக்கு மேலே தனியாக ஒரு பொட்டு நின்றால் அது தூசி. எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்!

டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நாலு மணிக்கு முதலாளி என் மேஜைக்கு வந்தார். காலையில் நான் போட்ட சத்தம் அவர் காதுவரை போயிருந்தது.

"ஏம்மா, அந்த மியூசிக் பொஸ்தகம் நம்ம வேலதானாம்ல. யாரு செஞ்சது?"

என்னால் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். அவர் ஒன்றும் கொலை செய்கிறவர் இல்லை. ஆனால் கண்ணில்லாதவன், பூட்டுப் போடணும் என்று காலையில் நான் பேசிய பேச்செல்லாம் இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. "திருப்பூருக்குப் போனாள்ல மொதலாளி, அவளாத்தான் இருக்கும்" என்றேன்.

என் பக்கத்து நாற்காலியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். புருசனுக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டாள். போகும்போது என்னிடம்தான் அழுதாள். முதலாளி, "நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னத்தை நினைத்தாரோ! அவள் வேலையில் ஒரு நாளும் குறை வந்ததில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, சொன்னது நான் என்பதையே மறந்தவள் போல.

இரண்டு மாதம் போனது. டீச்சரிடமும் ஏதோ ஓர் அச்சகம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் முதலாளி சம்பளக் கவரைக் கொடுக்கும்போது தானாகவே சொன்னார். "திருப்பூர்க்காரி போன் போட்டா. அங்கன ஒத்துவரலயாம், புள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கே வந்திருதேன், பழைய எடம் கெடைக்குமான்னு கேட்டா. வேணாம்னுட்டேன். தூசி எது, எழுத்து எதுன்னு தெரியாத ஆள வச்சுக்கிட்டு நாம என்ன செய்ய?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கவரை வாங்கிக்கொண்டு, "ஆமா மொதலாளி" என்றேன்.

அடுத்த வாரமே அந்தப் புத்தகத்துக்கு மறுபடி ஆர்டர் வந்தது. தேர்வுக்கு வாசிக்க வேண்டிய துண்டுகளின் பட்டியல் மாறவில்லை, புத்தகக் கடைக்காரருக்கு இன்னும் பிரதி வேண்டும். பழைய பைலை அப்படியே அனுப்பு என்றார் முதலாளி. நான் முடியாது என்றேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"புள்ளி எல்லாம் விட்டுப் போயிருக்கு மொதலாளி. திரும்பப் போடணும்."

"கடைக்காரரு ஒண்ணும் சொல்லலயேம்மா. சீசன் நேரத்துல இது ஒரு வேலையா? ஒரு பொட்டு இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

"அம்மன் கன்னத்துல ஒரு பொட்டு விழுந்ததுக்கு லோடையே திருப்பி எடுத்தீகள்ல?"

"அது விழுந்தது. இது இல்லாமப் போனது. இல்லாததப் பாத்து எவன் சண்டைக்கு வருவான்?"

சண்டைக்கு வர ஆள் இல்லை என்றால் தப்பு இல்லையா? டீச்சர் வீட்டுப் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளை எல்லாம் இனி மதுரையில் யாரோ ஒருவர் கண்ணில்லாதவர்கள் என்று எழுதப் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் நானே போட்டுத் தருகிறேன், கம்பெனி நேரத்தைத் தொட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

ஒன்பது நாள் ஆனது. என் இரண்டு பக்கம் மட்டும் இல்லை, அந்தப் புத்தகத்தில் இருந்த எல்லாத் துண்டுகளையும் இப்படித்தான் துடைத்து வைத்திருந்தேன். டீச்சரின் தடிப் புத்தகத்தை ஒரு பக்கம், என் பழைய ஸ்கேனை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டிலும் இருந்தால் புள்ளி, ஸ்கேனில் மட்டும் இருந்தால் தூசி என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் டீச்சருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். இதைச் செய்து முடித்தால் எல்லாம் சரியாகிவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பைலை அனுப்பிய மறுநாள் காலையில் பிளேட் செக்‌ஷன் பக்கம் போனேன். தகடுகள் மெஷினுக்குத் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று குனிந்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

அண்ணாச்சி கையில் அழிப்புப் பேனா இருந்தது. தகட்டில் வேண்டாத கறுப்பு இருந்தால் அதன் நுனியால் தொட்டுத் தொட்டு அழிப்பார்கள். பக்கத்தில் பழைய அச்சுப் பிரதி விரித்துக் கிடந்தது. மறு ஆர்டர் வேலைக்குப் பழைய பிரதிதான் அத்தாட்சி, அதில் இல்லாதது தகட்டில் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் முறை. அண்ணாச்சியும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறார். அவர் சரி என்று எடுத்துக்கொண்டது நான் கெடுத்த பிரதி. விட்டுப்போனது புள்ளிதான் என்று அன்றைக்குச் சத்தம் போட்டபோதும் அவரிடம் சொல்லவில்லை, திரும்பப் போட்டபோதும் சொல்லவில்லை.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் நான் கத்தினேன். "என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீக? கண்ண எங்கன வச்சிருந்தீக? ஒன்பது நாளு ஒக்காந்து போட்டேன், அம்புட்டையும் அழிச்சுட்டு நிக்கிறீகளே!" மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளி எழுந்து வந்தார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். வயதில் மூத்தவரை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் சத்தம் போடவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் பக்கத்தில் வந்து சொன்னார்.

"நீ குடுத்த பைல்ல ஊர்ப்பட்ட தூசி கெடந்துச்சு தாயி. ஒனக்கும் வயசாகுது, கண்ணு மங்குது போலன்னு நெனச்சேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒன் பேரு கெட்டுரும்னு நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போவாம இங்கனயே ஒக்காந்து எடுத்தேன். யார்ட்டயும் சொல்லல."

முதலாளி வந்து நின்று, "என்ன, என்ன பிரச்சன?" என்று இரண்டு தரம் கேட்டார். அண்ணாச்சி, "ஒண்ணுமில்ல மொதலாளி, நாந்தான் பிளேட்டக் கெடுத்துட்டேன், வேற போட்டுத் தாரேன்" என்றார். அப்போதும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனிதர்.

"அண்ணாச்சி மேல தப்பில்ல" என்றேன். "மூணு வருசத்துக்கு முந்தி அந்தப் புள்ளிய எல்லாம் எடுத்தது நான். திருப்பூர்க்காரி இல்ல. பைல்ல என் எழுத்துதான் இருக்கு, வேணும்னா பாருங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் ஒங்ககிட்ட அவ பேரச் சொன்னேன்."

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஒரு நம்பரைப் போட்டார், என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. முதலாளி நம்பர் என்பதால் அவசரமாக எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், "அக்கா, நல்லா இருக்கீகளா? பாப்பா நல்லா இருக்காளா? பியானோ எல்லாம் எப்படிப் போவுது?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் குறுக்கே பேசினேன். அந்த மியூசிக் புத்தகத்தில் தப்புச் செய்தது நீ இல்லை, நான்தான், அதை முதலாளியிடம் இப்போது சொல்லிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எந்தப் பொஸ்தகம்க்கா?" என்றாள். "எடம் காலி இல்லன்னுதான மொதலாளி சொன்னாக."